புயலின் கண் தலைக்கு மேல் வந்தால்

அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கி, மழை விட்டு, வானம் வெளுத்தால் கதவைத் திறக்காதீர்கள். பாதிப் புயல் இன்னும் பாக்கி. ‘புயலுக்கு முன் அமைதி’ என்று வீட்டுப் பூசலுக்கும் அரசியலுக்கும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆளைக் கொல்வது நடுவில் வரும் இந்த அமைதிதான்.

கண், அதாவது புயலின் நட்டநடுவில் உள்ள இந்த அமைதி வட்டம், நம் மேல் வருமா என்பதைக் காற்றின் திசையே சொல்லும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் மையம் ஏறத்தாழ இடது கைப் பக்கம். கிழக்கிலிருந்து வரும் புயலில், வாடை (வடகாற்று) திசை மாறாமல் மேலும் மேலும் வலுத்தால் மையம் நேரே நம்மை நோக்கி வருகிறது. வாடை கொண்டலாகி (கீழ்க்காற்றாகி), பிறகு தென்கிழக்கிலிருந்து வீசினால் மையம் நமக்குத் தெற்கே போகிறது. அப்போது அமைதி வராது, கடல் ஏறும். வடசென்னையில் காசிமேடு முதல் எண்ணூர் வரை கரையோரம் இருப்பவர்கள் அதற்கு முன்பே முகாமுக்குப் போயிருக்க வேண்டும். காற்று திரும்பி மேற்கிலிருந்து வீசினால் மையம் வடக்கே கடக்கிறது.

30 கி.மீ. அகலக் கண் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால், நட்டநடுவில் இருப்பவர்களுக்கு 2 மணி நேர அமைதி. ஓரத்தில் இருந்தால் சில நிமிடங்கள்தான். பிறகு கண்சுவரின் (கண்ணைச் சுற்றியுள்ள கடுங்காற்று வளையத்தின்) மறுபக்கம் தெற்கிலிருந்து முழு வேகத்தில் மோதும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலின் மையம் சென்னையைக் கடந்த நாளில் காற்று இப்படித்தான் திசை மாறியது. வடகாற்றில் வேர் ஆடிப்போன மரம் தென்காற்றில் விழும்.

அதனால் முந்தைய நாளே இரண்டு திசைக்கும் கட்டுங்கள். சிமெண்ட் ஷீட் கூரையில் கொக்கி போல்ட் நட்டுகளை இறுக்கி, மணல் மூட்டைகளைக் கயிற்றால் பிணைத்து இரு பக்கமும் தொங்கவிடுங்கள். செங்கல், கல் வைக்காதீர்கள், அவை பறக்கும். மாடித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிடுங்கள்: 500 லிட்டர் என்றால் 500 கிலோ, அசையாது. காலித் தொட்டி பக்கத்து வீட்டு மேல் போய் விழும். படகுக்கு முன்னும் பின்னும் கயிறு, இடையில் டயர், நீர் ஏறுவதற்குக் கொஞ்சம் தளர்வு.

அமைதி நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: உள்ளிருந்தபடியே தெற்கு ஜன்னல்களைத் தாழிட்டு, வடக்குப் பக்க அறைக்கு மாறுங்கள். ஷீட்டைச் சரிசெய்ய ஏறாதீர்கள், படகைப் பார்க்கப் போகாதீர்கள்.

எல்லாப் புயலுக்கும் தெளிவான கண் இருக்காது. 2023 மிக்ஜாம் கடலிலேயே சென்னையை ஒட்டி நகர்ந்து ஆந்திராவின் பாபட்லா அருகே கரையேறியது; இங்கே அடித்தது மழை வெள்ளம்.

உண்மையில் ஓயும் புயல் சட்டென்று நிற்காது. தென்காற்று படிப்படியாகத் தணியும், வானிலை மையமும் அறிவிக்கும். அதன் பிறகு வெளியே வந்தாலும் தேங்கிய நீரில் கால் வைக்கும் முன் மேலே கம்பியைப் பாருங்கள். அறுந்து கிடந்தால் விலகி நின்று மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை அழையுங்கள்: 94987 94987.