மூன்றாம் நாளும் அளந்து பாருங்கள்: சோலார் பேனலுக்கு மெழுகு வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஓர் இளைஞர் தன் சோலார் பேனலின் வெப்பநிலை வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். சூட்டை உறிஞ்சிக்கொள்ளப் பின்பக்கம் மெழுகுப் பெட்டி பொருத்திய பேனல், நடுப்பகலில் வெறும் பேனலைவிட 14 டிகிரி குறைவு. முகமெல்லாம் சிரிப்பு.

"எத்தனை டிகிரியில் உருகும் மெழுகு?"

"27 சார்."

"இது எத்தனையாவது நாள்?"

"முதல் நாள்."

எனக்கு என் பழைய டப்பா ஞாபகம் வந்துவிட்டது.

தூசியைத் துடைக்காமல் அளப்பது, ஒரு பேனலை மட்டும் நிழல் விழும் இடத்தில் வைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே தெரிந்துவிடும்.

பகலைப் பார்த்து உருகுநிலையைத் தேர்ந்தெடுப்பது

பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனலின் திறன் சுமார் 0.3 முதல் 0.5 சதவீதம் குறையும். இதைப் படித்தவுடன் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வருகிறது: 25-க்குப் பக்கத்தில் உருகும் மெழுகாகப் பார்த்து வாங்கிவிடலாம். நானும் 28 டிகிரியில் உருகும் பாரஃபின் மெழுகு வாங்கினேன். சல்லிசாகக் கிடைக்கிற சரக்கும் இல்லை அது.

முதல் நாள் பிரமாதம். இரண்டாம் நாள் சுமார். மூன்றாம் நாள், மெழுகு வைத்த பேனல் வெறும் பேனலைவிட 4 டிகிரி கூடுதலாகச் சுட்டது. வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் கழன்றிருக்கும் என்று மறுபடி ஒட்டினேன். அப்புறம் வயரை மாற்றினேன். அப்புறம் அளவு பதியும் கருவியையே மாற்றினேன். பத்து நாள் போனது. கடைசியில் ஒரு விடிகாலை மூடியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். மேலே விரற்கடை கனத்துக்கு ஏடு. அதைத் தாண்டியதும் கைப்பிடிவரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளே முழுக்கத் திரவம்.

மெழுகு வெப்பத்தை விழுங்குவது உருகும்போதுதான். கிலோவுக்கு ஏறக்குறைய 200 கிலோஜூல். ராத்திரி உறைந்தால்தானே மறுநாள் உருக முடியும்? 25 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவில் 28 டிகிரி மெழுகு உறைந்து முடிவதற்குள் விடிந்துவிடும். போதாக்குறைக்கு, ஓரத்தில் முதலில் உறைகிற ஏடு உள்ளே இருப்பதற்குப் போர்வையாகிவிடுகிறது. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மெழுகு கடத்தும். பகலில் அது பேனலின் முதுகில் படவேண்டிய காற்றையும் மறைத்துக்கொண்டு சும்மா நிற்கும். அந்த 4 டிகிரி வந்த வழி இதுதான்.

ஆகவே இரவிலிருந்து தொடங்குங்கள். ஆண்டிலேயே வெக்கையான, மேகம் மூடிய இரவாக எடுத்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் பேனல் வெப்பத்தை மேல்நோக்கி வீசிக் காற்றைவிடவும் சில டிகிரி குளிரும். அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. அந்த இரவின் வெப்பநிலையோடு 10 டிகிரியாவது கூட்டித்தான் நான் மெழுகு தேடுவேன்; இரவு 32 என்றால் மெழுகு 42. "42 டிகிரியில் உருகுவதா குளிர்விக்கும்?" என்று கேட்பார்கள். வெறும் பேனல் 65-ஐத் தொடும் இடத்தில் 50-இல் பிடித்து நிறுத்தினாலே ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம்.

எடையைக் கணக்குப் போடாதது

1.7 சதுர மீட்டர் பேனலின் பின்பக்கம் வழியாக 500 வாட் வெப்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,800 கிலோஜூல், அதாவது 9 கிலோ மெழுகு. ஐந்து மணி நேரத்துக்கு 45 கிலோ. பேனலே 20 கிலோ சொச்சம்தான். தாங்கும் சட்டத்தை முதலில் பாருங்கள்.

துடுப்பில்லாத டப்பா

பேனலை ஒட்டிய மெழுகு உருகிவிடும்; தள்ளியிருப்பது மத்தியானம்வரை கல்லாகவே கிடக்கும். வெப்பத்தை உள்ளே கடத்தும் துடுப்புகளாக அலுமினியத் தகடுகளை நிறுத்துங்கள்.

விளிம்புவரை ஊற்றுவது

உருகும்போது மெழுகு பத்து சதவீதத்துக்கும் மேல் பருக்கலாம். என் இரண்டாவது டப்பா ஒட்டு விட்டு வாயைப் பிளந்தது அப்படித்தான். வழிவது எரியக்கூடிய பொருள்.

மெழுகுக்குப் பதிலாகக் கால்சியம் குளோரைடு உப்பை அலுமினியப் பெட்டியில் வைப்பது

அரித்துவிடும்.

ஜங்ஷன் பாக்ஸையும் (பேனலின் பின்னால் வயர்கள் இணையும் பெட்டி) சேர்த்து மூடுவது

வேண்டாம்.