பழைய இரட்டைக் குழாய் ரெகுலேட்டரைப் பிரிக்கும் முன்

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். கையில் ஷூ டப்பா. அதற்குள் ராயல் அக்வா-மாஸ்டர் என்ற பழைய முக்குளிப்பு ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி), அக்கக்காகக் கழற்றிய நிலையில். "அண்ணே, மூணு சீட் மாத்திட்டேன். இன்னும் சீறுது" என்றான். உள்ளே பார்க்காமலே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன் இதே கதையோடு இன்னொருவர் வீட்டு வாசலில் நின்றவன் நான்.

ஃப்ளோரிடாவில் கராஜ் சேல்களில் இந்த ரெகுலேட்டர்கள் இன்னும் கிடைக்கின்றன. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் முக்குளிப்பவரின் பிடரிக்குப் பின்னால் வட்டமாக ஒரு டப்பா இருக்கும், அதிலிருந்து மடிப்பு மடிப்பான இரண்டு ரப்பர் குழாய்கள் வாய்க்கு வரும். அதேதான். வலது குழாயில் காற்று வரும், இடது குழாயில் நாம் விட்ட மூச்சு திரும்பிப் போகும். வாங்கியவர்கள் அன்று ராத்திரியே ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கழற்றும்போது படம் எடு, சரியான அளவு ஓ-ரிங் வாங்கு, திருகை வெறிகொண்டு முறுக்காதே என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. மிக்ஸி பிரித்தவனுக்கே அதெல்லாம் தெரியும்.

எஃகு ஊசி

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராயலில் காற்று இரண்டு கட்டமாக இறங்குகிறது. முதல் கட்டம் சிலிண்டரில் இருக்கும் 2,000, 3,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை 130 பக்கம் கொண்டுவந்து நிறுத்தும். அதை நிறுத்துவது ஒரு சின்ன பிளாஸ்டிக் சீட். அது போய் உட்காருவது எரிமலை வாய் போலக் கூம்பாக எழும்பி நிற்கும் பித்தளை முனையின் மேல். அந்த முனையின் விளிம்பு பேனா நிப்பு மாதிரி மெல்லியது. சீட்டும் விளிம்பும் சுற்றிலும் ஒரே சீராகத் தொட்டால்தான் காற்று நிற்கும்.

நாற்பது, ஐம்பது வருஷம் உள்ளேயே கிடந்த சீட் சும்மா உதிர்ந்து வந்துவிடாது. ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போதுதான் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற எஃகு ஊசியைக் கையில் எடுக்கிறார்கள். சிலிண்டரோடு மாட்டும் யோக் பக்கத்திலிருந்து விட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நெம்புகிறார்கள். சீட் வந்துவிடும். வரும்போது ஊசி முனை அந்த விளிம்பை ஒரு தடவை உரசியிருக்கும். கையில் ஒன்றும் உணர முடியாது, சத்தமும் கேட்காது.

புது சீட் போட்டு மாட்டினால் முதலில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். நாலு மூச்சு இழுக்கலாம், அருமையாக வரும். வாயிலிருந்து எடுத்து மேஜையில் வைத்த கொஞ்ச நேரத்தில் "ஸ்ஸ்ஸ்" என்று ஆரம்பிக்கும். கேஜ் மாட்டிப் பார்த்தால் முள் 130-ல் நிற்காது. 135, 140 என்று ஊர்ந்துகொண்டே போகும். கீறல் வழியாக உயர் அழுத்தக் காற்று கசிந்து, இரண்டு கட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைநிலை அறையில் சேர்கிறது. அளவு மீறியதும், மூச்சு இழுக்கும்போது மட்டும் திறக்க வேண்டிய இரண்டாம் கட்ட வால்வு தானே திறந்து அதை வெளியேற்றுகிறது. நம் காதில் விழும் சீறல் அந்த வால்வு தன் வேலையைச் செய்யும் சத்தம்.

ஆனால் புதியவர் கேஜ் மாட்டுவதில்லை. சீறுவது இரண்டாம் கட்டம் என்பதால் அதையே குற்றவாளியாக்கிவிடுகிறார். மூச்சு இழுக்கும்போது உள்வாங்கும் மெல்லிய தகடுதான் டயஃப்ரம். அதற்குக் கீழே லாட வடிவில் ஒரு லீவர் உண்டு. அது உயரமாக நிற்கிறது போல என்று கொஞ்சம் வளைத்துத் தாழ்த்துகிறார். சீறல் போகாது. இன்னும் கொஞ்சம் தாழ்த்துகிறார். இப்போது டயஃப்ரம் பாதி தூரம் வந்த பிறகுதான் லீவரையே தொடும். மூச்சு இழுப்பது ஸ்ட்ராவில் கெட்டிப் பாயசம் குடிப்பது போல ஆகிவிடும். பழுது ஒன்றாக இருந்தது, இரண்டாகிறது. அப்புறம் "பழைய ரெகுலேட்டர்னா இப்படித்தான் இழுக்கும்" என்று ஒரு சமாதானம் வேறு. அப்படியெல்லாம் இல்லை. சரியாக அமைந்த ராயலில் மூச்சு சிரமமில்லாமல் வரும்.

நான் நாலு மாதம் இதில் தொலைத்தேன். சீட் மூன்று, ஓ-ரிங் எத்தனை என்று கணக்கில்லை, லீவரை இரண்டு முறை வளைத்தேன். கடைசியில் ஒரு பெரியவர் பத்து மடங்கு லென்ஸைக் கையில் கொடுத்து, "இங்கே பார்" என்றார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் ஒரு மின்னல் பொட்டு. முடி அகலம்கூட இல்லை. என் ஊசி வைத்த பொட்டு.

இதில் பெரிய வயிற்றெரிச்சல், அந்த முனை தனியாக விற்கும் உதிரிபாகம் இல்லை என்பது. பித்தளை உடம்பிலேயே கடைந்தது. மிக நுண்ணிய உப்புத்தாளைத் தட்டையான மரக்குச்சியின் நுனியில் ஒட்டி, நேராகப் பிடித்துச் சுழற்றினால் லேசான கீறல் சில சமயம் போகும். ஆழமாக இருந்தால் அந்த உடம்புக்காக இன்னொரு ரெகுலேட்டரையே வாங்க வேண்டியதுதான்.

எடுக்கும் முறை சுலபம். டயஃப்ரம் பக்கத்திலிருந்து மூங்கில் குச்சியை விட்டு மெதுவாகத் தள்ள வேண்டும். கபாப் குத்தும் குச்சி போதும், ஒரு கட்டு இரண்டு டாலர். வரவில்லையா, வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு மறுபடி தள்ளு. ஓ-ரிங் எடுக்கவும் பிளாஸ்டிக் ஊசியோ பித்தளை ஊசியோதான். என் மேஜையில் எஃகு ஊசியே கிடையாது. நண்பர்கள் கொண்டுவந்தால் வாங்கி இழுப்பறையில் போட்டுவிடுவேன், கிளம்பும்போது திருப்பித் தருவேன்.

வினிகரில் ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போவது

பச்சைக் களிம்பு போக வினிகரும் தண்ணீரும் கலந்து போடுவது சரிதான். பத்துப் பதினைந்து நிமிடம், பக்கத்திலேயே உட்கார்ந்து. ராத்திரி முழுக்கப் போட்டால் காலையில் பித்தளை இளஞ்சிவப்பாகச் சிரிக்கும். அழகாக இருக்கிறதே என்று ஒருவர் எனக்குப் படம்கூட அனுப்பினார். அது துத்தநாகம் கரைந்துபோய் எஞ்சிய செம்பு. மேல்தோல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். மரை இருக்கும் இடத்தில் அப்படி ஆனால் நான் அந்தப் பாகத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோக மாட்டேன். எங்கேயாவது விரிசல் விட்ட குரோம் இருந்தால் அமிலம் அதன் அடியில் புகுந்து செதில் செதிலாகக் கிளப்பிவிடும்.

டப்பாவின் மேல் இருக்கும் லேபிள்

தேய்க்காதே.

வெளியேற்று வால்வை இடம் மாற்றுவது

வெளிமூச்சு போகும் ரப்பர் வால்வு வாத்தின் அலகு போல இருக்கும். டப்பாவுக்குள், டயஃப்ரத்தை ஒட்டியே அது இருக்க வேண்டும். இறுகிப்போன வால்வைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாய்ப்பகுதியிலேயே ஒரு நவீன வால்வைப் பொருத்திய கெட்டிக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். குளத்தில் இறங்கி நிமிர்ந்து நின்றதும் காற்று கொட்டத் தொடங்கிவிட்டது.

இந்த வகை ரெகுலேட்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவுக்கும் இதேதான் நடந்தது. 1943-ல் பாரிஸ் பக்கம் மார்ன் நதியில் முதல் மாதிரியைச் சோதித்தபோது, படுத்தவாக்கில் நீந்தினால் சரியாக இருந்தது. நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் இழுக்கவே முடியவில்லை. வெளியேற்றும் துளை டயஃப்ரத்திலிருந்து ஆறு அங்குலம் தள்ளி இருந்ததுதான் காரணம். ஆறு அங்குல நீர் அழுத்தம் போதும், வால்வு ஏமாந்துவிடும். கூஸ்தோவும் எஞ்சினியர் எமீல் கான்யானும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் காரை வாயுவில் ஓட்ட கான்யான் செய்து வைத்திருந்த வால்வுதான் இதற்கெல்லாம் மூலம். அவர்கள் தீர்த்துவைத்ததை நாம் எதற்கு மறுபடி கிளப்ப வேண்டும்?

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. தண்ணீருக்குள் வாய்ப்பகுதியைத் தலைக்கு மேல் தூக்கினால் காற்று பீறிடும். அது பழுது இல்லை. அதற்காக யாரும் லீவரைத் தொட வேண்டாம்.

சிலிக்கோன் டயஃப்ரத்துக்கு சிலிக்கோன் கிரீஸ்

டயஃப்ரம் ஊறி உப்பிப்போகும். பூசாதே.

பழைய ஹோஸ்

மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்த்தால் பள்ளத்தில் வெடிப்பு தெரியும். அலமாரியில் காட்சிக்கு வைக்க நன்றாக இருக்கும். முக்குளிக்கப் புது ஹோஸ்தான். வாய்ப்பகுதியில் இரண்டு பக்கமும் ஒருவழி வால்வு இருக்கிறதா என்றும் பார். இல்லாவிட்டால் வாயை விட்டு எடுத்த மறுகணம் இரண்டு குழாயிலும் தண்ணீர் நிறையும்.

மாட்டி முடித்ததும் யோக் வாயை மூடிவிட்டு உறிஞ்சிப் பார்க்க வேண்டும். துளிக் காற்றும் வரக்கூடாது. வந்தால் ஹோஸோ டயஃப்ரமோ எங்கேயோ ஓட்டை. செலவில்லாத சோதனை, ஆனாலும் பாதிப்பேர் செய்வதில்லை.

மிஸ்ட்ரலும் இன்றைய சிலிண்டரும்

மிஸ்ட்ரல் இன்னொரு பழைய இரட்டைக் குழாய் ரெகுலேட்டர். அதற்கு ஒரே கட்டம். சிலிண்டரின் முழு அழுத்தமும் ஒரே சீட்டில் விழும். அக்காலத்து எஃகு சிலிண்டர் 2,250 பி.எஸ்.ஐ., இன்றைய அலுமினிய சிலிண்டர் 3,000. நிரம்பிய சிலிண்டரில் மாட்டிவிட்டு "கனமா இழுக்குது" என்று லீவரில் கை வைக்காதே.

கேஜ் இல்லாமல் இறங்குவது

பழைய ராயலில் அழுத்தமானி மாட்ட இடம் இல்லை. அந்தக் காலத்தில் சிலிண்டரில் ஜே வால்வு என்ற மிச்சக் காற்று வால்வு இருந்தது. சுமார் 300 பி.எஸ்.ஐ.யில் காற்று இறுகும், பக்கத்துக் கம்பியைக் கீழே இழுத்தால் மிச்சக் காற்று கிடைக்கும். இறங்கும்போது கம்பி மேலே இருக்க வேண்டும். ஒரு நீரூற்றுக் குளத்தில் நான் அதைப் பார்க்காமல் இறங்கினேன். ஏற்கெனவே எங்கோ இடித்துக் கீழே வந்திருக்கிறது. காற்று இறுகியதும் கம்பியைத் தேடினேன், இழுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆறு மீட்டர் ஆழம்தான். மூச்சை விட்டுக்கொண்டே மேலே வந்துவிட்டேன்.

தம்பியின் ராயலில் பொட்டு ஆழமாக இருந்தது. உப்புத்தாளுக்கு மசியவில்லை. இன்னொன்று தேடிக்கொண்டிருக்கிறான்.