கப்பியின் வாலடியில் சிவப்பு நூல் தெரிந்தால்

போன ஐப்பசியில் என் மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, இந்தக் கப்பிக்குப் பின்னாடி சிவப்பா என்னமோ நீட்டிக்கிட்டு இருக்கு." மீன் நீந்தும்போது ஒன்றும் தெரியவில்லை. செடியோரம் அசையாமல் நின்றதும், ஆசனவாயிலிருந்து அறுந்த தையல் நூல் போல இரண்டு மூன்று சிவப்பு நுனிகள் மெல்ல வெளியே வந்தன. செல்போன் டார்ச்சை அடித்தேன். மீன் சட்டென்று நகர, எல்லாம் உள்ளே போய்விட்டன.

அது கேமல்லானஸ் என்கிற உருளைப்புழு. குடல் சுவரைக் கெட்டியான வாயால் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். கப்பி, மோலி, பிளாட்டி மாதிரி குட்டி போடும் மீன்களில் இது அதிகம். ஒரு மீனில் கண்டுவிட்டால் அந்த டேங்கில் இருக்கிற அத்தனை மீனுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். வெள்ளையாக நூல்போல மலம் போவதையும் வயிறு ஒட்டுவதையும் மட்டும் வைத்துப் புழு என்று முடிவு கட்டாதீர்கள். வேறு நோய்களிலும் அப்படி ஆகும். சிவப்பு நுனியைக் கண்ணால் பார்த்தால்தான் நிச்சயம். அதைச் சாமணத்தால் பிடித்து இழுக்கவே கூடாது, குடல் கிழிந்துவிடும். கல்லுப்பு, மஞ்சள், வேப்பிலை எதுவும் இந்தப் புழுவைத் தொடாது.

இதற்கு லெவாமிசோல் என்கிற குடற்புழு மருந்து வேண்டும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். மாட்டுக்குக் கொடுக்கும் திரவ மருந்துகள் பலவற்றில் ஆக்ஸிகுளோசனைடு என்கிற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கும், அது வேண்டாம். நாய்க்கான குடற்புழு மாத்திரைகளில் இருக்கும் பிராசிகுவாண்டல் நாடாப்புழுவுக்கானது, இங்கே உதவாது. லெவாமிசோல் மட்டும் உள்ள 150 மில்லிகிராம் மாத்திரை எனக்குக் கிடைத்தது.

அளவுதான் முக்கியம்: லிட்டருக்கு 2 மில்லிகிராம். கடைக்காரர் சொன்ன டேங்க் அளவை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். என் டேங்க் 60 செ.மீ. நீளம், 30 அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் 30. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். கல்லும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்து 50 என்று வைத்துக்கொண்டேன். ஆக 100 மில்லிகிராம் மருந்து. ஒரு மாத்திரையைப் பொடித்து 150 மி.லி. தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் வரும். அதில் 100 மில்லியை எடுத்தால் கணக்கு முடிந்தது. கலக்கிக்கொண்டே அளந்து எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மாத்திரை குழந்தைகள் கையில் படாத இடத்தில் இருக்கட்டும்.

மருந்து போடும் அன்று காலையில் பாதித் தண்ணீரை மாற்றி அடிமணலைச் சுத்தம் செய்தேன். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். ஏர் பம்ப் ஓடட்டும். வெளிச்சம் பட்டால் லெவாமிசோல் வீரியம் இழக்கும். அதனால் மாலையில் மருந்தை ஊற்றி, விளக்கை அணைத்து, பழைய போர்வையால் டேங்கை மூடினேன். 24 மணி நேரம் தீனி கிடையாது.

மறுநாள் போர்வையை எடுத்தால், சில கப்பிகளின் பின்னால் புழுக்கள் தளர்ந்து தொங்கின. மணல்மேல் ஒன்றிரண்டு கிடந்தன. லெவாமிசோல் புழுவைக் கொல்வதில்லை, முடக்கிப்போடுகிறது. பிடி தளர்ந்ததும் மீன் வெளியே தள்ளுகிறது. அப்படிக் கிடப்பதை மற்ற மீன்கள் தின்பதற்குள் சைஃபன் குழாயால் தரை முழுக்க உறிஞ்சி எடுத்து, பாதிக்கு மேல் தண்ணீரை மாற்ற வேண்டும். மருந்து எச்சத்தை எடுக்கக் கரியை அப்புறம் திரும்பப் போடலாம்.

நான் தவறியது இதற்குப் பிறகுதான். மீன்கள் நன்றாகத் தின்ன ஆரம்பித்தன, நானும் தீர்ந்தது என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் அதே சிவப்பு நூல். எட்டுக் கப்பிகள் செத்தன, அதில் மூன்று சினையாக இருந்தவை. இந்தப் புழு முட்டையிடாமல் குஞ்சுகளையே வெளியே விடும். அவை தரையில் தங்கி, நேராகவோ சைக்ளாப்ஸ் என்கிற நுண்ணிய நீர்ப்பூச்சி வழியாகவோ மறுபடி மீனுக்குள் போகின்றன. அதனால் மூன்று வாரம் கழித்து அதே அளவில் இரண்டாம் முறை போட்டே ஆக வேண்டும். நான் மூன்றாம் முறையும் போட்டேன். இடைப்பட்ட நாட்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தரையை உறிஞ்சினேன். ரொம்பவும் மெலிந்த மீன்கள் புழு போன பிறகும் சாகலாம், அதற்காக மருந்தைக் கூட்டாதீர்கள்.

வலை, குழாய், வாளி எல்லாவற்றையும் வெயிலில் மொறமொறவென்று காயவைத்த பிறகே அடுத்த டேங்கில் தொடுங்கள். எனக்குப் புழு வந்தது புதிதாக வாங்கி அன்றே டேங்கில் விட்ட நாலு கப்பிகளோடுதான். இப்போது எந்தப் புது மீனும் மாடியில் தனித் தொட்டியில் நாலு வாரம் இருக்கிறது. சாயங்காலம் அது அசையாமல் நிற்கும் நேரம் பார்த்து, மகள் டார்ச் அடித்து வாலடியைப் பார்க்கிறாள்.