நான்கு லீனியர் கைடு பிளாக்குகளும் ஒற்றைப் பிளாக்கில் விழுந்த சுமையும்

இரண்டு ரெயில், அவற்றின் மேல் வழுக்கி நகரும் நான்கு பிளாக், மேலே ஒரு மேசை. இயக்கச் சிமுலேஷனில் ஒரு பிளாக் முழுச் சுமையையும் தாங்குவதாகவும், மற்ற மூன்றில் விசை பூஜ்யம் என்றும் வந்தது. எடையோ சரியாக நடுவில் இருக்கிறது. கால இடைவெளியைக் குறைத்தேன், சால்வரை (கணக்கைத் தீர்க்கும் நிரலை) மாற்றினேன், உராய்வைச் சேர்த்தேன். பலனில்லை.

பிளாக்குகளை ரெயிலோடு சேர்க்கும் இணைப்புகளை அழித்து வேறு வரிசையில் போட்டபோதுதான் பிடி கிடைத்தது: சுமை வேறு பிளாக்குக்குத் தாவியது! ஒவ்வொரு நேர்கோட்டு இணைப்பும் ரெயில் திசை நகர்வை மட்டும் விட்டு, மற்ற அசைவுகளைத் தடுக்க 5 கட்டுப்பாடுகளை விதிக்கிறது; நான்கும் சேர்ந்து 20. மேசைக்குத் தேவை 5 மட்டுமே. மிச்சம் 15-ஐ மென்பொருள் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறது. நீக்கியதில் விசை பூஜ்யம்தான்.

நான்கையும் எடுத்துவிட்டு, புஷிங் இணைப்புகளை (ஸ்பிரிங் போலச் சற்றே விட்டுக்கொடுப்பவை) போட்டேன். ரெயில் திசையில் விறைப்பு பூஜ்யம், மற்ற திசைகளில் தயாரிப்பாளரின் கேட்லாக் மதிப்பு, அதிர்வை அடக்கக் கொஞ்சம் தணிப்பு. ஒன்றைக் கவனியுங்கள்: கேட்லாக்கில் நியூட்டன்/மைக்ரோமீட்டர், மென்பொருளில் நியூட்டன்/மில்லிமீட்டர், 1000-ஆல் பெருக்க வேண்டும். ஒவ்வொரு புஷிங்கின் அச்சும் ரெயிலோடு ஒத்திருக்க வேண்டும். நின்ற நிலையில் சுமை நான்கிலும் சமமாகப் பிரிந்தது, அப்பாடா! மேசை முடுக்கம் பெறும்போது முன்பின் பிளாக்குகளில் வரும் ஏற்ற இறக்கமும் இப்போது தெளிவாகத் தெரிகிறது.