காந்தாரி மிளகாய்: நசுக்கத் தெரிந்தால் போதும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் மலையாளிகளுக்கும் இந்த மிளகாயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். செடியில் தொங்காமல் வானத்தைப் பார்த்து நிற்கும். பச்சையிலும் வெள்ளையிலும் கிடைக்கும், பழுத்தால் சிவப்பு. பறவைகளுக்குக் காரம் உறைக்காது என்பதால் அவை தின்று எச்சமிட்ட இடத்தில் எல்லாம் முளைத்துவிடும். வேலியோரச் செடிகளில் பாதி யாரும் நட்டதில்லை.

காரம்? மிளகாயின் காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் 50,000 முதல் 1,00,000 வரை சொல்வார்கள். பீட்சாவில் போடும் ஹாலப்பினோ மிளகாய் 8,000-ஐத் தாண்டாது. ஆனால் காந்தாரியின் காரம் மிளகாயில் பாதி, நம் கையில் பாதி. எவ்வளவு உடைக்கிறோமோ அவ்வளவு இறங்கும். முழுசாக மோரில் போட்டால் மணம் மட்டும். கீறிப் போட்டால் சுள்ளென்று ஏறும். நசுக்கினால் காது அடைக்கும். விதைதான் காரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது.

முதல் முறை செய்பவர்கள் சம்மந்தியில், அதாவது நசுக்கிச் செய்யும் துவையலில் தொடங்குங்கள். அவித்த மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்குக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

முதலில் கிழங்கைத் தோலுரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேக வையுங்கள். நன்றாக வெந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், குழம்புக்கு ஆகும் என்று எடுத்து வைக்கக் கூடாது. நடுவில் இருக்கும் நரம்பை எடுத்துவிடுங்கள்.

கிழங்கு வேகும் நேரத்தில் சம்மந்தி முடிந்துவிடும். இரண்டு பேருக்குப் பத்து காந்தாரி, பழகாதவர்கள் என்றால் நான்கு. பத்து சின்ன வெங்காயம், அரை டீஸ்பூன் கல் உப்பு, சுண்டைக்காய் அளவு புளி, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்.

அம்மியிலோ சின்ன உரலிலோ உப்பையும் மிளகாயையும் மட்டும் முதலில் வையுங்கள். கல் உப்பின் சொரசொரப்பு மிளகாய்த் தோலைக் கிழித்துக் கொடுக்கும். தூள் உப்பில் இது நடக்காது, மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். அடுத்து புளி. கடைசியில் வெங்காயம், அதுவும் நாலு தட்டு. வெங்காயம் பல்லில் கடிபட வேண்டும். எண்ணெயை ஊற்றி விரலால் அல்ல, கரண்டியால் கலக்குங்கள். காரம் எண்ணெயில் கரையும் என்பதால் ஒரே இடத்தில் நிற்காமல் எங்கும் பரவும். பச்சை எண்ணெய்தான், காய்ச்ச வேண்டாம்.

மிக்ஸியில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், போட்டும் பார்த்தேன். வெங்காயம் கூழாகிக் கசந்தது. மூடியைத் திறந்தபோது எழுந்த நெடியில் வீட்டில் எல்லோரும் இருமியபடி வாசலுக்குப் போனோம்.

கை எரிந்தால் தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பு. வெறும் தண்ணீர் உதவாது. வாய் எரிந்தால் மோரோ பாலோ குடியுங்கள். கண் பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள், இதை ஒரு முறை மறந்தவர்கள் மறுபடி மறப்பதில்லை.

மீதி மிளகாயை என்ன செய்வது? கழுவி, துணியில் பரப்பி, ஈரம் துளியும் இல்லாமல் காயவிடுங்கள். ஊசியால் ஆளுக்கொரு குத்து. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, உப்பு சேர்த்து, மூழ்கும் வரை வினிகர் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரத்தில் மிளகாயின் முரட்டுத்தனம் கொஞ்சம் தணிந்து, அந்தக் காரம் வினிகருக்கு வந்திருக்கும். பழங்கஞ்சிக்கு மிளகாயைக் கடித்துக்கொள்ளலாம். மீன் வறுவல் மேல் அந்த வினிகரை நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், எங்கள் வீட்டில் மிளகாய்க்கு முன்னால் தீர்ந்துபோவது அதுதான்.