ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரியைச் சொற்களாகப் பிரிப்பது எப்படி? தமிழ் வரிகளுக்கும் சேர்த்து

இதற்கான பாடங்களைத் தேடினால் பெரும்பாலானவை ஆங்கில வரிகளை வைத்தே முடிந்துவிடுகின்றன. அவற்றில் அடிக்கடி வரும் குறுக்குவழி ஒன்று தமிழ் வரியிலிருந்து ஒரு சொல்லைக்கூட எடுத்துத் தராது. ஆகவே இங்கே தமிழ் வரியிலேயே தொடங்குவோம்.

எதையும் தனியாக நிறுவ வேண்டாம். குரோம் அல்லது ஃபயர்பாக்ஸில் எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் பகுதிக்குச் செல்லுங்கள். கீழே கட்டளைப் பெயர்களை அவற்றின் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்: ஸ்பிளிட் என்றால் எஸ், பி, எல், ஐ, டி. மாறிகளின் பெயர்கள் தமிழிலேயே இருக்கட்டும். ஜாவாஸ்கிரிப்ட் அதை மறுப்பதில்லை.

படி 1: இடைவெளியில் வெட்டுவது

வரி = "சாவி, மேசை மேல் இருக்கிறது."
சொற்கள் = வரி.ஸ்பிளிட்(" ")

கன்சோல் காட்டும் விடை:

["சாவி,", "மேசை", "மேல்", "இருக்கிறது."]

அடைப்புக்குள் நாம் கொடுத்தது எங்கே வெட்ட வேண்டும் என்ற குறி. அந்தக் குறி விடையில் இராது; எஞ்சிய துண்டுகள் ஓர் அணியாக, அதாவது வரிசைப்பட்டியலாக, திரும்பி வரும். சொற்கள்[0] என்று கேட்டால் முதல் துண்டு கிடைக்கும், ஏனென்றால் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. வரி என்ற மாறி அப்படியேதான் இருக்கும். ஸ்பிளிட் மூலச் சரத்தை (மேற்கோளுக்குள் உள்ள எழுத்துத் தொடரை) தொடுவதில்லை.

மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டு "" என்று கொடுத்தால் வரி சொற்களாக அல்ல, குறியீடுகளாகச் சிதறும். "மேசை" அப்போது ம, ே, ச, ை என நான்கு துண்டாகும். கண்ணுக்கு இரண்டு எழுத்தாகத் தெரிவது கணினிக்குள் நான்கு குறியீடுகள். இது படி 3-இல் மீண்டும் தேவைப்படும்.

படி 2: தாறுமாறான இடைவெளிகள்

மனிதர்கள் தட்டும் வரி இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. தொடக்கத்தில் இரண்டு இடைவெளி, நடுவில் இரண்டு இடைவெளி உள்ள வரியைப் பாருங்கள்:

"  சாவி,  மேசை மேல்".ஸ்பிளிட்(" ")

["", "", "சாவி,", "", "மேசை", "மேல்"]

மூன்று சொற்களுக்கு ஆறு துண்டுகள். ஒவ்வோர் இடைவெளியிலும் தனித்தனியாக வெட்டியதால் வந்த வெற்றுச் சரங்கள் இவை. இதற்கு ரெஜெக்ஸ், அதாவது தேடவேண்டிய எழுத்துகளின் அமைப்பைச் சொல்லும் குறிமுறை, உதவும். இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே ஓர் இடைவெளியும் கூட்டல் குறியும் வைத்தால், "ஒன்றோ பலவோ சேர்ந்து வரும் இடைவெளிகள்" என்று பொருள்:

வரி.ட்ரிம்().ஸ்பிளிட்(/ +/)

ட்ரிம் இரு முனைகளிலும் உள்ள இடைவெளிகளை நீக்குகிறது. அதை விட்டால் முதல் துண்டு வெற்றுச் சரமாகவே நிற்கும். வரி ஒடிந்திருந்தாலோ டேப் இருந்தாலோ, ரெஜெக்ஸில் இடைவெளிக்குப் பதிலாகப் பின்சாய்கோடும் சிறிய எஸ் எழுத்தும் போடுங்கள். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த உரையில் ஒளிந்திருக்கும் ஒடியா இடைவெளியையும் அது பிடித்துவிடும். அகலமே இல்லாத இடைவெளி என்று ஒன்று உண்டு, அதை மட்டும் பிடிக்காது.

இன்னும் ஒரு பொறி. வெற்றுப் பெட்டியின் உரையைப் பிரித்தாலும் [""] என்ற அணி வரும். அதன் நீளம் 1. எதுவுமே எழுதாதவருக்கு "1 சொல்" என்று காட்டும் படிவங்களின் பின்னணி பெரும்பாலும் இதுதான். கடைசியில் ஒரு வடிகட்டி போட்டால் தீர்ந்தது:

.ஃபில்ட்டர்(சொல் => சொல் !== "")

பயனரின் உரையைத் தொடும் எந்த நிரலிலும் இந்த வடிகட்டியை நான் விடுவதே இல்லை.

படி 3: நிறுத்தக்குறிகள்

"சாவி," என்ற துண்டில் காற்புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலப் பாடங்கள் இதற்குச் சொல்லும் வழி, பின்சாய்கோடும் பெரிய டபிள்யூ எழுத்தும் கூட்டல் குறியும்: சொல்லெழுத்து அல்லாத எல்லா இடத்திலும் வெட்டு. அதை நம் வரியில் போட்டுப் பாருங்கள். வருவது ["", ""]. அந்தக் குறிக்குத் தெரிந்த சொல்லெழுத்துகள் ஏ முதல் இசட் வரை, 0 முதல் 9 வரை, அடிக்கோடு ஆகியவை மட்டுமே. ஆகவே நம் வரி முழுவதையும் ஒரே நிறுத்தக்குறியாக நினைத்து விழுங்கிவிடுகிறது.

யூனிகோடில் அன்றாடம் பயன்படும் தமிழ்க் குறியீடுகள் எல்லாம் ஒரே தொகுதியில் அமைந்திருக்கின்றன. ஆய்தம் அதன் தொடக்கத்திலும் ௺ அதன் முடிவிலும் இருப்பதால், அந்த எல்லைக்கு வெளியே உள்ள இடங்களில் வெட்டச் சொல்லலாம்:

வரி.ஸ்பிளிட்(/[^ஃ-௺0-9]+/)

["சாவி", "மேசை", "மேல்", "இருக்கிறது", ""]

கடைசியில் வந்த வெற்றுச் சரம் முற்றுப்புள்ளியின் மிச்சம். மேலே சொன்ன வடிகட்டி அதையும் அகற்றிவிடும். உரையில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் இந்த முறை அவற்றைத் தூக்கி எறிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

2018-இல் வந்த யூனிகோட் பண்புக்குறிகள் (ஒரு குறியீடு எந்த வகை என்று பார்த்துப் பிடிக்கும் ரெஜெக்ஸ் குறிகள்) எல்லா மொழிகளுக்கும் பொருந்தும். ஆனால் "எழுத்து" என்ற பண்பை மட்டும் கேட்டால் "மேசை"யிலிருந்து ம, ச என்று இரண்டு மெலிந்த துண்டுகள்தான் கிடைக்கும். ஏகாரக் குறியும் ஐகாரக் குறியும் யூனிகோடின் கணக்கில் எழுத்துகள் அல்ல, ஒட்டுக்குறிகள். புள்ளியும் அப்படியே. எழுத்து, ஒட்டுக்குறி ஆகிய இரு பண்புகளையும் ஒரே சதுர அடைப்புக்குள் சேர்த்துக் கேட்க வேண்டும்.

படி 4: உலாவியிடமே விட்டுவிடுவது

இன்டல் என்ற தொகுப்பில் செக்மென்டர் என்ற கருவி இருக்கிறது (இவ்விரு பெயர்களின் முதல் எழுத்தை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுங்கள்). மொழியையும், சொல் அளவில் பிரிக்க வேண்டும் என்பதையும் சொன்னால், அது யூனிகோடின் சொல்லெல்லை விதிகளின்படி வரியைப் பிரிக்கும். ஒவ்வொரு துண்டும் சொல்லா, வெறும் குறியா என்ற தகவலும் கூடவே வரும். "5 கி.மீ." என்ற வரியைப் படி 3-இன் ரெஜெக்ஸ் கி, மீ என்று உடைத்துவிடும், செக்மென்டர் "கி.மீ" என்பதை ஒரே சொல்லாக வைத்து, கடைசிப் புள்ளியை மட்டும் கழற்றிவிடும். குரோமில் இது 2020-இல் வந்தது, ஃபயர்பாக்ஸில் 2024-இல்தான். பழைய ஃபயர்பாக்ஸ் பயனர்களும் உங்கள் தளத்துக்கு வருவார்கள் என்றால், கருவி இருக்கிறதா என்று முதலில் சோதித்து, இல்லாத இடத்தில் படி 3-இன் ரெஜெக்ஸை ஓடவிடுங்கள்.