மாருதி 800-ம் என் சுருள் பைண்டிங் புத்தகமும்

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு 22 கிலோமீட்டர். போய்வருவது 2004 மாடல் மாருதி 800-ல். 2011-ல் சித்தப்பாவிடமிருந்து வாங்கிய வண்டி. 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. ஆனாலும் ஊருக்கு ஊர் இன்னும் ஓடுகிறது, கோயம்புத்தூர் உக்கடத்தில் தேடினால் கிடைக்காத பாகம் இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். வீட்டிலேயே வேலை கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில், பழுதுபார்க்க நான் நம்பும் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் சின்னப் புத்தகம் எதை எப்போது மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லும். எப்படிக் கழற்றுவது, எவ்வளவு முறுக்குவது, தேய்மானம் எதுவரை பரவாயில்லை என்பதெல்லாம் சர்வீஸ் மேனுவலில்தான் இருக்கும். மெக்கானிக்குகள் இதை ‘வொர்க்‌ஷாப் புக்’ என்பார்கள். பழைய புத்தகக் கடையில் எனக்கு முதலில் கிடைத்தது கார்புரேட்டர் வண்டிக்கானது. என்னுடையதோ எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. பிரேக், சஸ்பென்ஷன் பகுதிகள் பெரும்பாலும் ஒத்துப்போயின. எரிபொருள், இக்னிஷன் பகுதிகள் ஒத்துவரவே இல்லை. அதனால் வாங்கும்முன் சேஸிஸ் நம்பரையும் மாடல் வருடத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். இன்னொன்று, ‘சப்ளிமெண்ட்’ என்று போட்ட புத்தகத்தில் மாறிய விஷயங்கள் மட்டுமே இருக்கும். மாறாதவற்றுக்கு மூலப் புத்தகத்தைப் பார் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். ஆகவே இரண்டும் வேண்டும். நான் இரண்டையும் நகலெடுத்துச் சுருள் பைண்டிங் போட்டு வைத்திருக்கிறேன். வேலை செய்யும்போது தட்டையாக விரிந்து கிடக்கும்.

சுசுகி புத்தகங்களின் அமைப்பு ஒருமுறை பிடிபட்டால் போதும். 0-ல் தொடங்குவது பொதுத் தகவலும் பராமரிப்பு அட்டவணையும். 3 சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சக்கரம். 5 பிரேக். 6 எஞ்சின், அதற்குள் 6பி கூலிங். 7 கியர்பாக்ஸும் கிளட்சும். 8 வயரிங். ஒவ்வொரு பகுதியும் தன் ஒன்றாம் பக்கத்தில் தொடங்கும், ஆகவே மொத்தப் பக்க எண்ணைத் தேடி அலையாதீர்கள். பகுதியின் தொடக்கத்தில் கோளாறு அட்டவணை இருந்தால் ஸ்பேனர் எடுக்கும்முன் அதைப் படியுங்கள். இடப்பக்கம் கோளாறு, நடுவில் காரணம், வலப்பக்கம் செய்ய வேண்டியது. எச்சரிக்கை என்று கட்டம் கட்டியிருப்பதை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். நான் வேலைக்கு முந்தின நாள் இரவே அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, தேவைப்படும் ஸ்பேனர், பேக்கிங், வாஷர் எல்லாவற்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாதி கழற்றிய வண்டியோடு கடை திறந்திருக்கிறதா என்று அலைவதைப் போல் கொடுமை வேறில்லை.

10, 12, 14, 17 அளவு ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். ஃபீலர் கேஜ், வெர்னியர், ஒரு டார்ச். வண்டியைத் தூக்கும் வேலையென்றால் இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டு கட்டாயம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஜாக் என்பது தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

ஆயில் மாற்றுவது எளிது. எங்கள் பக்கம் மண் ரோடும் புழுதியும் என்பதால் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. அவ்வளவுதான். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்ற வராது.

ஸ்பார்க் பிளக் வேலையில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. மறை தவறி ஏறிவிட்டால் அழிவது ஹெட்டின் மறைதான். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். வயர்களில் 1, 2, 3 என்று டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்த எஞ்சின் எரியும் வரிசை 1-3-2, இரண்டு வயர் இடம் மாறினால் வண்டி குதிக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல் அடியிலுள்ள ரப்பர் தொப்பியைப் பிடித்துக் கழற்றுங்கள். மாட்டும்போது பிளக்கின் தலையில் ஒரு சாண் ரப்பர் டியூபைச் செருகி, டியூபைப் பிடித்துத் திருகுவேன். மறை சரியாக விழுந்தால் மெழுகில் போவது போல் இறங்கும். கோணலாக விழுந்தால் டியூப் வழுக்கிவிடும், மறைக்கு ஒன்றும் ஆகாது.

பிறகு முறுக்கம். என் புத்தகம் பிளக்குக்கு 2 முதல் 3 கிலோ-மீட்டர் என்கிறது (இது தூரம் இல்லை, இழுக்கும் கிலோவை ஸ்பேனர் நீள மீட்டரால் பெருக்கிய அளவு). முறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத காலத்தில் நான் செய்தது இது. நட்டின் மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, பயணப்பெட்டி எடைபோடும் கொக்கித் தராசை அதில் மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுப்பேன். தராசு 10 கிலோ காட்டினால் 0.25 மீட்டர் பெருக்கல் 10 கிலோ, அதாவது 2.5 கிலோ-மீட்டர். பதினொன்றாம் வகுப்புத் திருப்புத்திறன் பாடம்தான். நாலைந்து முறை இப்படிச் செய்ததும் அந்த இறுக்கம் எவ்வளவு என்பது மணிக்கட்டுக்கே தெரிந்துவிட்டது. ‘நல்லா டைட்டா வை’ என்று நாம் நினைப்பதைவிட அது எவ்வளவோ குறைவு.

இனி, புத்தகம் இல்லாவிட்டால் எனக்குப் பெருஞ்செலவு வைத்திருக்கக்கூடிய ஒரு கோளாறு. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை போகும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாம் வளைவில், எல்லோரும் இறங்கி அணையைப் பார்க்கிற இடத்துக்குச் சற்று முன்னால், டெம்பரேச்சர் முள் முக்காலைத் தாண்டியது. ஓரங்கட்டி, ஆறவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்தோம். சமதளத்தில் முள் தன் இடத்துக்கு இறங்கிவிட்டது. மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்த இரண்டு நிமிடத்தில், “ஹெட் பேக்கிங் போயிருச்சு, 14,000 ஆகுங்க” என்றார்கள். சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கைச் சொன்னார்கள். எதையும் அளக்கவில்லை. நான் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புத்தகத்தின் கூலிங் பகுதியான 6பி-யில் அதிக சூடு என்ற வரிக்கு எதிரே காரணங்கள் வரிசையாக இருந்தன. கூலண்ட் குறைவு, வாட்டர் பாடியை (தண்ணீர் பம்பை) சுழற்றும் பெல்ட்டின் தளர்வு, தெர்மோஸ்டாட், வாட்டர் பாடி, ரேடியேட்டர் அடைப்பு, மூடி, ஃபேன். செலவில்லாததிலிருந்து தொடங்கினேன். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் சுமார் 10 கிலோ அழுத்தத்தில் அமுக்கினால் 6 முதல் 9 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். என்னுடையது 8. கூலண்ட் அளவு சரி. ஹெட் பேக்கிங் போயிருந்தால் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும், ஆறிய எஞ்சினை மூடி இல்லாமல் ஓட்டினால் ரேடியேட்டர் வாயில் குமிழி வந்துகொண்டே இருக்கும், சைலன்சரில் வெள்ளைப்புகை நிற்காது, கூலண்ட் குறைந்துகொண்டே போகும். நான்கில் ஒன்றுகூட இல்லை.

அடுத்து ஹோஸ். எஞ்சினை ஓட்டி முள் ஏறும்வரை காத்திருந்து, ஃபேனுக்குக் கை போகாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் புறங்கையால் லேசாகத் தொட்டேன். முள் பாதிக்கு மேல், ஹோஸோ வெதுவெதுப்புதான். எஞ்சினில் கொதிக்கும் தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்துசேரவில்லை. நடுவில் இருக்கும் கதவு தெர்மோஸ்டாட்.

அதைக் கழற்ற எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி ஏன் ஆபத்தானது என்றும் சொல்லிவிடுகிறேன். மூடி உள்ளே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.9 கிலோ அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், 100 டிகிரிக்கு மேலிருக்கும் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி முகத்தில் அடிக்கும். மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தமும் குறையும். வால்பாறை உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் ரப்பர் தேய்ந்த மூடியோடு மலையேறினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதிக்கும். மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. ஒரு பீக்கரில் தண்ணீர், ஸ்டாண்டிலிருந்து நூலில் தொங்கும் தெர்மோஸ்டாட், பக்கத்தில் தெர்மாமீட்டர். இரண்டும் பீக்கரின் அடியைத் தொடக்கூடாது, அடி எப்போதும் கூடுதல் சூடு. தண்ணீரை மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். புத்தகப்படி 82-ல் வால்வு நகரத் தொடங்கி, 95-ல் 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். 82 வந்தது, அசையவில்லை. 90-லும் அசையவில்லை. 96-ல் ஒரு சின்ன நடுக்கம், ஒரு பக்கம் மட்டும் கோணலாக நகம் நுழையும் அளவு இடைவெளி. தண்ணீர் தளதளவென்று கொதித்தபோதும் வெர்னியரில் 3 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தால் தண்டைச் சுற்றி வெள்ளையாக உப்பு இறுகிக் கிடந்தது. எங்கள் போர்வெல் தண்ணீர். முன்பு எப்போதாவது கூலண்ட் சற்றுக் குறைந்தால் வீட்டுக் குழாயிலிருந்து ஊற்றியது நான்தான். சமதளத்தில் அந்த 3 மில்லிமீட்டர் போதுமானதாக இருந்திருக்கிறது. மலையில் போதவில்லை.

புதிதாகச் சில நூறு ரூபாய்க்கு வாங்கியதையும் மாட்டும்முன் அதே பீக்கரில் போட்டேன். சரியாக 82-ல் வாய் திறந்தது. புதுப் பாகத்தையும் சோதிக்காமல் மாட்டாதீர்கள். வீட்டில் பழைய பாத்திரமும் ஒரு சமையல் தெர்மாமீட்டரும் இருந்தால் போதும். அந்தப் பாத்திரத்தைப் பிறகு சமையலுக்கு எடுக்கக்கூடாது.

மாட்டும்போது தெர்மோஸ்டாட் விளிம்பிலிருக்கும் சின்னக் காற்றுத்துளை மேல்பக்கம் வர வேண்டும். பழைய பேக்கிங்கை அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்டி எடுத்து, புதுப் பேக்கிங் போடுங்கள். கூலண்ட் 30 பங்கு, டிஸ்டில்டு வாட்டர் 70 பங்கு. நம் ஊரில் உறைபனி இல்லையே, எதற்குக் கூலண்ட் என்று கேட்பார்கள். துருவும் உப்பும் ஏறாமல் காப்பதற்குத்தான். ஊற்றியபின் மூடி இல்லாமல் எஞ்சினை ஓட்டி, மேல் ஹோஸ் சூடாகும்வரை காத்திருங்கள். காற்று வெளியேற வெளியேற மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே வர வேண்டும். ஹீட்டர் உள்ள வண்டியென்றால் நெம்புகோலைச் சூட்டுப்பக்கம் தள்ளி வையுங்கள். வடித்த பழைய கூலண்டைத் தரையில் விடவே கூடாது. அது இனிப்பாக இருக்கும், நாயும் ஆட்டுக்குட்டியும் நக்கும், நக்கினால் செத்துப்போகும். கேனில் பிடித்து மூடிவையுங்கள்.

எல்லாவற்றையும் நானே செய்வதில்லை. டைமிங் பெல்ட், பிரேக் சிலிண்டர், ஸ்டியரிங், கியர்பாக்ஸ் நான்கையும் எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணாவிடம் விட்டுவிடுவேன். போகும்போது அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துப்போவேன். முதல் தடவை, “ஏனுங்க டீச்சர், இருவது வருசமா இதத்தான பண்றேன்?” என்று முகம் சுருங்கினார். “உங்களுக்குத் தெரியாதுன்னு இல்லீங்கண்ணா, நம்பர் மட்டும் பாத்துக்கலாம்” என்றேன். இப்போது முறுக்க அளவை அவரே கேட்டு வாங்கிச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைக்கிறார்.

கடைசியாக ஒரு நோட்டு. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, புத்தகம் சொல்லும் அளவு, நான் அளந்த அளவு என்று ஐந்து கட்டம். முன் பிரேக் பேட் போன ஜூனில் 7 மில்லிமீட்டர், இந்த ஜூனில் 5. அடுத்த மழைக்காலத்துக்குள் மாற்ற வேண்டும் என்று அந்தப் பக்கமே சொல்கிறது. நேற்று வாட்டர் பாடி பெல்ட்டின் உள்பக்கத்தில் இரண்டு முடி விரிசல் கண்ணில் பட்டது, அதையும் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை பொள்ளாச்சி போகிற வழியில் புதுப் பெல்ட் வாங்க வேண்டும்.